நாய்க்கு ஒத்துவராது

"கத்தரிக்காய் நாய்க்கு ஒத்துவராது" என்று சொல்லித் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்த மனிதரை நான் என் வாழ்நாளில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். கோப்பை அவருடையது. சாப்பிட இருந்தவரும் அவர்தான். நாய் அப்போது வேலியோரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மாமி கத்தரிக்காயை வழித்துக்கொண்டுபோய் நாயின் சட்டியில் போட்டார். நாய் சட்டியை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தது. "பசி போல" என்றார் மாமா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மாமா, மாமி என்று சொன்னேனே தவிர எங்களுக்கும் அவர்களுக்கும் உறவில்லை. திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் அவர்கள் வளவும் எங்கள் வளவும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொண்டன, அவ்வளவுதான். அவர் கடற்படைத் தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக முப்பது வருடம் இருந்தவர். வெள்ளைக்காரன் இருந்தபோதும் அதே கதிரை, போன பிறகும் அதே கதிரை. கப்பல்களுக்கு வேண்டிய கயிறு, சாயம், விளக்கு, உயிர் காக்கும் மிதவை எல்லாம் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போகா. கடலில் விழுந்தவன் மிதவையை எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பார். ஆனால் அவர் மட்டும் இறங்குதுறையின் கடைசிப் பலகைக்கு அப்பால் ஓரடி எடுத்து வைத்ததாகச் சாட்சி சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

நாய் வருவதற்கு முன்னால் அவருக்கு இழுப்பு இருந்ததாம். இது மாமி சொன்ன கதை. "கலியாண வீடு எண்டால் இழுக்கும். செத்த வீடு எண்டால் இழுக்கும். என்ர அண்ணர் வீட்டை போவம் எண்டு வாய் திறந்தால் மூச்சே நிண்டுபோகும். இந்தச் சனியன் வந்த நாளில இருந்து ஒரு இழுப்பும் இல்லை." சனியன் என்று மாமி சொன்னது நாயை. அதற்கு டைகர் என்று ஒரு பெயர் இருந்தது. கோழி எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுகிற நாய்க்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது படுத்திருக்கும். களஞ்சியத்துக்குப் பின்னால் கயிற்றுச் சுருளுக்குள் கிடந்த குட்டியை ஒருநாள் மாமா சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றோடு வைத்தியருக்குக் கொடுத்த வேலை நாய்க்குக் கைமாறியது.

அதன் பிறகு அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு பசி கிடையாது, கோபம் கிடையாது, பயம் கிடையாது. எல்லாம் நாயின் பொறுப்பு. தேர்த் திருவிழாவுக்குப் போகமாட்டார், நாய்க்கு வெடிச் சத்தம் ஒத்துவராது. பக்கத்து வீட்டு வானொலியைக் குறைக்கச் சொல்லுவார், நாய்க்குத் தலையிடி. என் அம்மா ஒருநாள் புட்டு அவித்து அனுப்பியபோது நாய்க்கு மிகவும் பிடித்துக்கொண்டது என்று நன்றி சொல்லி அனுப்பினார். அம்மா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. சாட்டுச் சொல்லுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சாட்டுக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, பேன் பார்த்து வளர்த்தவர் அவர் ஒருவர்தான்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு.

அவருடைய தமையன் கிளிவெட்டியில் வயல் செய்துகொண்டிருந்தார். அவருக்கு நோய் கடுமையாகி, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். கிளிவெட்டிக்குப் போவதென்றால் லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்க வேண்டும். தெருவால் சுற்றிப் போனாலும் நாலைந்து இடத்தில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி ஆறு கடக்க வேண்டும். தண்ணீரில் கால் வைக்காமல் போக வழியில்லை. "லோஞ்சில நாய் சத்தி எடுக்கும்" என்றார் மாமா. "நாயை நாங்கள் பாக்கிறம், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார் என் அப்பா. "தனிய விட்டால் அது சாப்பிடாது." இரண்டாம் முறையும் ஆள் வந்தது. மூன்றாம் முறை வந்த ஆள் சாவுச் செய்தியோடு வந்தான்.

அன்று மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நாயையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, மூதூர் லோஞ்ச் புறப்படும் துறைக்குப் போனார். மாமி முதல் லோஞ்சில் போய்விட்டார். அடுத்த லோஞ்சில் வருகிறேன் என்றவர், அடுத்ததையும் அதற்கடுத்ததையும் அனுப்பிவைத்துவிட்டுப் பின்னேரம் வரை அந்தத் துறையிலேயே குந்தியிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். அவர் கன்னம் நனைந்திருந்தது. "நாய் அழுதுகொண்டிருக்குது பிள்ளை" என்றார் என்னிடம். நாய் அவர் காலடியில் நல்ல நித்திரை.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் தாதிப் படிப்புக்கு இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே ஒரு வெள்ளைக்காரனைக் கலியாணம் செய்துகொண்டு, பிறகுதான் கடிதம் எழுதினாள். கடிதம் வந்த அன்று மாமா வீட்டில் அடுப்பு எரியவில்லை. "டைகர் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை" என்று வேலிக்கு மேலால் அறிவித்தார். டைகர் அந்த இரண்டு நாளும் எங்கள் குசினி வாசலில்தான் சாப்பிட்டது.

இரண்டு வருடம் கழித்து மகள் புருசனோடு வந்தாள். மாமா முன்கூட்டியே சொல்லிவைத்தார்: "டைகருக்கு வெள்ளைக்காரரைக் கண்ணில காட்டேலாது. கட்டித்தான் வைக்க வேணும். கட்டினால் அதுக்குக் கோவம் வரும். அவை றெஸ்ட் ஹவுசில நிக்கிறது எல்லாருக்கும் நல்லம்." வீதி முழுக்க வேலியோரம் கூடி நின்றது, கடியைப் பார்க்க. மருமகன் படலையைத் திறந்தான். டைகர் ஓடிப்போய் அவன் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அவன் குந்தியிருந்து தடவிக் கொடுத்தான். மாமா அதைப் பார்த்துக்கொண்டே, "காய்ச்சல் போல" என்றார்.

அந்தப் பெண் தகப்பனை நன்றாகப் படித்தவள். போகிற நாள் காலையில் அவள் முற்றத்தில் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மாமிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, "டைகர், என்னோட இன்னும் கோவமோ?" என்று கேட்டாள். மாமா கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். "அதுக்கு ஒரு கோவமும் இல்லை" என்றார். "அப்ப என்னை வந்து பாக்குமோ?" "பாப்பம். அதுக்கு வயசு போகுது." தகப்பனுக்கும் மகளுக்கும் நடந்த சமாதானம் அவ்வளவுதான். அவள் அழுதுகொண்டு சிரித்தாள். துருவலை என் கைவிரலைத் துருவிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது தேயிலை ஏற்ற வரும் சில சரக்குக் கப்பல்களில் பயணிகள் பன்னிரண்டு பேருக்கு இடமிருக்கும். துறைமுகத்தின் நடுவே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு லோஞ்சில் போய் ஏணியால் ஏற வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேருக்கான படிவங்கள் என் மேசைக்குத்தான் வரும். இதை மாமி கவனித்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகள் பிள்ளைத்தாச்சி என்று கடிதம் வந்தது. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது, இந்த முறை பயமாக இருக்கிறது, இரண்டு பேரும் வாருங்கள் என்று எழுதியிருந்தாள். மாமா உடனே, "எனக்கென்ன, நாயை என்ன செய்யிறது?" என்றார். ஊரெல்லாம் கேட்டுப் பழகிய பாட்டுத்தான். ஆனால் மாமி அன்று மத்தியானம் குடையும் கையுமாக என் கந்தோருக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, நாய் கப்பலில போகலாமோ?"

நான் ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிப் பார்த்தேன். போகலாம். அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி வேண்டும், மிருக வைத்தியர் கையெழுத்து வேண்டும், சொன்ன அளவில் ஒரு பெட்டி வேண்டும். போய் இறங்கியதும் ஆறு மாதம் தனிக் கொட்டிலில் மறியல். அதற்குப் பிறகு விடுதலை. நான் சொல்லச் சொல்ல மாமியின் முகம் மலர்ந்த மலர்ச்சியை வைத்துப் பார்த்தால் அந்த நாயின் மேல் அவருக்கு எவ்வளவு பிரியமோ என்று எண்ணத் தோன்றும். "இனிப் பாப்பம்" என்று குடையை விரித்தார்.

மாமாவிடம் செய்தி சொன்னபோது நானும் இருந்தேன். அந்த முகத்தை எப்படிச் சொல்லுவது? கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். அவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. "நல்லதுதான்" என்றார், பேயறைந்தவர் மாதிரி.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு பெரிய யுத்தம் நடந்தது. கப்பல்துறையில் ஒரு தச்சுவேலைக்காரர் பெட்டி செய்து கொண்டுவந்தார். பலகை மணம் நாய்க்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பினார் மாமா. வேறு பலகையில் வந்தது. மூடி நாய்க்குப் பயத்தைக் கொடுக்கிறது என்றார். மூடியில் ஓட்டை போட்டு வந்தது. ஓட்டையால் குளிர் போகும் என்றார். தச்சுவேலைக்காரர் பெட்டியை முற்றத்தில் போட்டுவிட்டு, "ஐயா, இதுக்குள்ள நானே படுப்பன், நாய்க்கென்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மிருக வைத்தியர் வந்தபோது நாய் என்ன இனம் என்று படிவத்தில் எழுதும் இடத்தில் என் பேனை நின்றது. வைத்தியர் நாயைப் பார்த்தார், நாய் வைத்தியரைப் பார்த்தது. "வேட்டை நாய் எண்டு போடுவம்" என்றார் கடைசியில். அந்த நேரம் எங்கள் வீட்டுச் சேவல் வேலிக்குள்ளால் வந்தது. வேட்டை நாய் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

எல்லாம் தோற்ற பிறகு மாமா கடைசி அம்பை எடுத்தார். சாத்திரியாரிடம் போய் நாய்க்குக் குறிப்பு எழுதுவித்துக்கொண்டு வந்தார். பகிடியல்ல, உண்மையாகவே எழுதுவித்தார். தைப்பூசத்தன்று பின்னேரம் குட்டி கிடைத்ததை வைத்து நட்சத்திரம் பிடித்து, இராசி பிடித்து, கட்டம் போட்டிருந்தது. நாய்க்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். கடல் கடந்தால் கண்டமாம். "சாத்திரத்தை நாங்கள் மீறேலாது" என்று அந்தக் குறிப்பு மட்டையை மாமியிடம் நீட்டினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் இரத்தம் ஓடியது.

மாமி மட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இஞ்சருங்கோ, சனியனுக்கே சனியோ?" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. அடுத்த நாள் இரண்டு கொத்து உழுந்து ஊறப்போட்டார். வைரவருக்கு வடைமாலை சாத்தினால் எந்தத் தோசமும் தீரும், அதுவும் வைரவருடைய வாகனமே நாய்தானே, தன் வாகனத்தைச் சனி பிடிக்க அவர் சும்மா விடுவாரா என்பது மாமியின் நியாயம். ஐயரும் அதை ஏற்றுக்கொண்டார். நானும் கூடப் போனேன். மாமா நாயோடு வெளியில் நின்றார். பூசை முடிந்து பிரசாதத்தை மாமி கொண்டுவந்து நீட்டியபோது டைகர் நாலு வடையைச் சப்பாமல் விழுங்கியது. "தோசம் தீந்துது" என்றார் மாமி. சாத்திரியார் பக்கமிருந்து மறுப்பு வரவில்லை.

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நாட்களில் அவர் சோறு இறங்காமல் மெலிந்துகொண்டு போனதை நான் கண்டேன், ஆனாலும் சிரித்தேன். இருபத்திரண்டு வயதில் மற்றவர்களின் பயம் ஒரு நல்ல பகிடி.

கப்பல் வந்தது. புறப்படும் நாள் காலையில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து என் கையில் ஒரு திறப்பைத் திணித்தார். அவர்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கிற சாவி.

"அவர் திரும்பி வருவார். வந்தால் குடு. பானைக்குள்ள அரிசி கிடக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்கட அம்மாவிட்டைச் சொல்லியிருக்கிறன்."

"மாமி, ரெண்டு பேருக்கும் டிக்கற் எடுத்தாச்செல்லோ?"

"எடுத்தது சரி. ஏறவேணுமே."

"அப்ப நாயை விட்டிட்டுப் போங்கோவன். அவருக்குத் துணையாயாவது கிடக்கட்டும்."

மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "விட்டிட்டுப் போனால் சாகுமட்டும் அதின்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். அது என்னோட வரட்டும். பிறகு என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

லோஞ்சை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் அவர் ‘நானா’. அவரும் மாமியும் நாய்ப் பெட்டியும் நானும் ஏறிய பிறகு, மாமா கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். உண்மையாகவே ஏறினார். நான் மாமியைப் பார்த்து, தோற்றீர்கள் என்று கண்ணால் சொன்னேன். மாமி என் பக்கம் திரும்பவில்லை. கப்பலின் பக்கத்தில் போனதும் மேலிருந்து கொக்கியை இறக்கி நாய்ப் பெட்டியைத் தூக்கினார்கள். டைகர் ஆகாயத்தில் சுழன்றபடி ஓலமிட்டது. மாமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியால் விறுவிறென்று ஏறிப்போனார். அறுபது வயது மனுசி. அடுத்தது மாமா. ஏணியின் முதல் படியில் கையை வைத்தார். எடுத்தார்.

"நாயின்ர தண்ணிச் சட்டி விடுபட்டுப் போச்சு" என்றார். "நானா, ஒருக்காக் கரைக்கு விடுங்கோ. எடுத்துக்கொண்டு வருவம். வேற சட்டியில அது குடிக்காது."

நானா என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். கப்பல் தட்டில் மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவுமில்லை, கை காட்டவுமில்லை. லோஞ்ச் திரும்பியது.

சட்டியை அவர் எடுத்துவந்தது மெய். இறங்குதுறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏறுங்கோ மாமா, நேரம் போகுது" என்று நான் கெஞ்சினேன். "ஐயா, கண்ண மூடிக்கிட்டு என்ட கையப் புடிங்க, நான் ஏத்தி உடுறன்" என்று நானா கையை நீட்டினார். மாமா சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "கப்பலில வேற சட்டி குடுப்பினம்தானே, பிள்ளை?" என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஓம், குடுப்பினம்" என்றேன். "அப்ப சரி" என்றார். கப்பல் ஊதியபோது நான் திறப்பைக் கொடுத்தேன். அது என்னிடம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் கண்ட மனிதர் வேறு. கத்தரிக்காய் கொடுத்தால் சாப்பிட்டார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. யாராவது எப்படிச் சுகம் என்று கேட்டால் வாயைத் திறப்பார், காலடியைப் பார்ப்பார், மூடுவார். மாமியின் கடிதம் வரும் நாட்களில் மட்டும் உயிர் வரும். கடிதத்தோடு என் கந்தோருக்கு வந்து, நாய் வருகிற வரிகளை மட்டும் வாசித்துக் காட்டுவார். பேத்தி பிறந்த செய்தியைக்கூட, "டைகர் வெளியில வந்தால் விளையாட ஆள் வந்திட்டுது" என்றுதான் சொன்னார்.

நாலாம் மாதம் கந்தோருக்கு ஒரு ஆங்கிலக் கடிதம் வந்தது. நாயின் படிவங்களில் அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் கந்தோர் விலாசத்தைத்தான் போட்டிருந்தேன். மூன்று வரி. நாய் கொட்டிலில் இறந்துவிட்டது, வருந்துகிறோம், இங்கிலாந்தில் உரியவரின் வீட்டுக்கும் அறிவித்துள்ளோம். நான் அதை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். வேட்டை நாய் என்று எழுதி, பெட்டிக்கு அளவு கொடுத்து, அதைக் கொன்றதில் எனக்கும் பங்கிருந்தது.

எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே மாமியின் அடுத்த கடிதத்தோடு அவர் வந்துவிட்டார். "டைகர் நல்ல சுகமாம். இறைச்சி சாப்பிடுதாம்" என்று வாசித்தார். நான் திகதியைப் பார்த்தேன். நாய் செத்து இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதிய கடிதம். அதற்கடுத்த கடிதத்தில் டைகர் நல்ல நித்திரை கொள்ளுகிறதாம். அதற்கும் அடுத்ததில், "டைகர் உங்களைத் தேடுது. சத்தம் கேட்டால் வாசலைப் பாக்குது." மாமி பொய் எழுதுகிறார் என்பது எனக்கு விளங்கியது. அதை உடைக்க நான் யார்? லாச்சி பூட்டியே கிடந்தது.

அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், "அடுத்த தேயிலைக் கப்பல் எப்ப?" என்று கேட்டார்.

என் விரல்கள் தட்டெழுத்துப் பொறியில் நின்றன. "ஏன் மாமா?"

"டைகர் வெளியில வாற நேரம் நான் அங்கை நிக்க வேணும். இல்லாட்டி அதுக்கு ஏலாது."

எட்டு வருடம் போகாமலிருக்கச் சாட்டாயிருந்த நாய், செத்த பிறகு போவதற்குச் சாட்டாகிவிட்டது. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய்க்காகக் கடல் கடக்கிற மனிதர் போய் இறங்கி, நாய் எங்கே என்று கேட்டால் என்ன ஆகும்? சொன்னால் போகமாட்டார். சொல்லாவிட்டால் நானும் மாமியும் சேர்ந்து ஒரு கிழவனை ஏமாற்றினவர்களாவோம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சரி என்று பட்டது. படிவங்களை மட்டும் பிழையில்லாமல் அடித்தேன்.

கப்பல் நாளும் வந்தது. அதே லோஞ்ச், அதே நானா. மாமா முகம் வெளிறி, இருகையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். ஏணியடிக்குப் போனதும் நானா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமா எழுந்து ஏணியில் கை வைத்தார். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"மாமா, ஏற முதல் ஒரு கதை சொல்ல வேணும். டைகர்…"

"தெரியும் பிள்ளை. செத்துப்போச்சு."

"ஆர் சொன்னது?" என்றேன்.

"மாமிதான்."

"அவ சுகமாயிருக்கு எண்டெல்லோ எழுதினவ?"

"அதைத்தான் சொல்லுறன். எட்டு வருசமா அதைச் சனியன் எண்டதைத் தவிர வேற பேர் சொல்லிக் கூப்பிடாத மனிசி. இப்ப கடிதம் முழுக்க டைகர் சாப்பிட்டுதாம், டைகர் படுத்துதாம். நாய் உயிரோட கிடந்தால் அவள் ஏன் அதைப் பற்றி எழுதப்போறாள்?"

"பிறகேன் மாமா போறியள்?"

அவர் கீழே தண்ணீரைப் பார்த்தார், மேலே ஏணியைப் பார்த்தார். உதட்டை நாவால் நனைத்துக்கொண்டார்.

"தேடுது எண்டு எழுதியிருக்கிறாளே. நான் கதைச்ச பாஷை, எனக்கு விளங்காதோ ஆர் தேடுறது எண்டு?"

பிறகு ஏறத் தொடங்கினார். நாலாம் படியில் நின்றார். நானா என்னைப் பார்த்தார், நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் கம்பியில் வைத்து, "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று ஏணிக்குச் சொல்லிவிட்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.